டிக்கெட் விலையும் சோம்பேறிப் பட்டமும்

லண்டன் டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று புலம்புகிறவர்கள் தேடத் தெரியாத சோம்பேறிகள். ஞாயிறு இணைப்பிதழ் ஒன்றில் சென்ற வாரம் வந்த கட்டுரையின் சாரம் இதுதான். எழுதியவர் ஜொகூர்க்காரர். மாசாய், பாசிர் கூடாங், பெர்மாஸ் ஜெயா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதியதாகச் சொல்கிறார். அப்படியானால் பதிலும் மாசாயிலிருந்து போவதுதான் முறை.

அவர் காட்டும் வழி எளியது. கோலாலம்பூர் (கே.எல்.) பக்கம் போகவே வேண்டாம், பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் இருக்கிறது. ஒரே டிக்கெட்டாக வாங்காமல் துண்டு துண்டாக வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏஜெண்டிடம் போகக் கூடாது. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில், தேடிய தடம் பதியாதபடி கணினியில் தேட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் கூடுதல் விலை கொடுக்கிறவர் தன் சோம்பலுக்குத்தான் அபராதம் கட்டுகிறாராம்.

யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதை முதலில் பார்ப்போம். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் வரிசையில் நிற்கப் போகிறவர்கள் எங்கள் தாமான்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை லீட்ஸிலோ மான்செஸ்டரிலோ படிக்கப் போகிறது. பட்டமளிப்பு விழாவுக்குத் தாயும் தகப்பனும் போக வேண்டும். பல வருஷமாகச் சீட்டு கட்டிச் சேர்த்த பணம் அது. ஒரு விலையைப் பார்த்ததும் மூச்சு நின்றுபோகிற அந்த மனிதரைச் சோம்பேறி என்று அச்சில் எழுத எப்படி மனம் வந்தது?

நள்ளிரவு வித்தையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். நீங்கள் முன்பே தேடினீர்கள் என்பதை நினைவில் வைத்து விமான நிறுவனம் விலையை ஏற்றுகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரத்தை அவர் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமைக்கும் அதே கதிதான். விலை ஏறுவதற்கான காரணம் வேறு, அதைச் சொல்லியிருந்தால் அவர் கட்டுரையால் பிரயோஜனம் இருந்திருக்கும். எகானமி வகுப்பு பார்வைக்கு ஒன்றுதான் என்றாலும் உள்ளே பல விலைக் கட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒவ்வொன்றிலும் இத்தனை இருக்கை என்று ஒரு கணக்கு. மலிவான கட்டு தீர்ந்ததும் அடுத்த கட்டின் விலை வரும். நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு டிக்கெட்டை ஒரே தடவையில் தேடும்போது, மலிவான கட்டில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்றால், பல முன்பதிவு முறைகள் நான்கு பேருக்கும் மேல் கட்டு விலையையே காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, பிறகு இருவருக்குத் தேடினால் வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டிரண்டாகப் பிரித்து வாங்கினால் கையில் காசு நிற்கும். எந்தக் கிழமையில் வேண்டுமானாலும், பட்டப்பகலிலேயே செய்யலாம்.

சாங்கி விஷயத்துக்கு வருவோம். வரைபடத்தில் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றே தோன்றும். பாசிர் கூடாங் கரையில் நின்றால் எதிரே சிங்கப்பூர். சாங்கியில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே போகும். ஆனால் பயணி கடலைத் தாண்டிக் குதிக்க முடியாது. மேற்கே ஜொகூர் பாரு வரை போய், பாலம் ஏறி, இரண்டு குடிநுழைவுச் சோதனைகளைத் தாண்டி, மறுபடி கிழக்கே சிங்கப்பூரின் மறுகோடிக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையிலோ பள்ளி விடுமுறை தொடங்கும் நாளிலோ அந்தப் பாலத்தில் பெரிய பெட்டிகளோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு நேரமாகும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்ல முடியாததால்தான் எங்கள் ஆட்கள் ஆறு ஏழு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார்கள். வண்டிக் கூலி, சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் அந்த மலிவு டிக்கெட்டோடு சேர வேண்டிய செலவுகள். அவர் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

சாங்கியிலிருந்து கிளம்பினால் எப்போதும் விலை குறைவு என்பதும் தவறு. அங்கே பயணம் தொடங்கும் ஒவ்வொருவரின் டிக்கெட்டுக்குள்ளும் விமான நிலையக் கட்டணமும் வரியுமாக 65.20 சிங்கப்பூர் வெள்ளி அடங்கியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் இதுதான் நிலவரம். 2030க்குள் அதைப் படிப்படியாக 79.20 வெள்ளியாக்கப் போவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகிறது, அதை வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். கே.எல். விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் முதல் முனையத்திலிருந்து ஆசியானுக்கு வெளியே போகிறவருக்குப் பயணிகள் சேவைக் கட்டணம் 73 ரிங்கிட், 2019 செப்டம்பரில் வந்த புறப்பாட்டு வரி எகானமிக்கு 20 ரிங்கிட். நான்கு பேர் போனால் இந்த ஓர் இனத்தில் மட்டும் வித்தியாசம் 400 ரிங்கிட்டைத் தாண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் கவனிக்கவேயில்லை. விமான நிறுவனங்கள் தூரத்தைப் பார்த்து விலை வைப்பதில்லை, பயணம் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதைப் பார்த்து வைக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாமல் போகிறவர் அந்த வசதிக்காகக் கூடக் கொடுப்பார் என்று அந்த ஊர் நிறுவனத்துக்குத் தெரியும். அதே நிறுவனம் கே.எல்.லில் ஏறுகிறவரை இழுக்க வேண்டுமானால் மலேசியா ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தோடு போட்டியிட்டாக வேண்டும். 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸும் கே.எல்.லுக்குத் திரும்பிவிட்டது. அதனால் கே.எல்.லில் தொடங்கிச் சிங்கப்பூர் வழியாகப் போகும் டிக்கெட், சிங்கப்பூரிலேயே தொடங்கும் டிக்கெட்டைவிடக் குறைவாக இருப்பது பல சமயங்களில் நடக்கிறது. பறக்கும் தூரம் கூடும், விலை குறையும். சாங்கிதான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர் இந்தத் தொழிலின் அரிச்சுவடியையே புரட்டிப் பார்க்கவில்லை. (அப்படிப்பட்ட டிக்கெட்டை வாங்கி, கே.எல். பகுதியை விட்டுவிட்டுச் சாங்கியில் ஏறிக்கொள்ளலாமே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் பகுதியில் ஏறவில்லை என்றால் மொத்த டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுவார்கள்.)

துண்டு டிக்கெட் யோசனைதான் அவர் கட்டுரையிலேயே ஆபத்தான பகுதி. என்னை எழுத உட்கார வைத்ததும் அதுதான். ஒரு மலிவு விமானத்தில் இடையில் ஒரு நகரம், அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் லண்டன், இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் ஆயிரம் ரிங்கிட் மிச்சம் என்கிறார். மிச்சமாகலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆயிரம் ரிங்கிட் எதற்கான விலை என்பதை ஏன் சொல்லவில்லை?

ஒரே டிக்கெட்டில் போகும்போது முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், உங்களை லண்டனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பாடு. அடுத்த விமானத்தில் இடம் தருவார்கள், பெட்டியும் தானாக மாறிவரும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். டிக்கெட் போச்சு. முதல் நிறுவனமோ சொன்ன ஊரில் உங்களை இறக்கிவிட்டது, அதன் கடமை முடிந்தது. பல பயணக் காப்புறுதிகளும் இப்படி நாமே ஒட்டிய பயணத்தில் விமானம் தவறினால் பணம் தருவதில்லை. ஆக, விமான நிறுவனம் சுமக்க வேண்டிய ஆபத்தைப் பயணியின் தலையில் ஏற்றிவிட்டுக் கொடுக்கும் கழிவுதான் அந்த ஆயிரம் ரிங்கிட். கையில் மாற்றுப் பணம் வைத்திருப்பவர் அதைத் தாங்குவார். சீட்டுப் பணத்தில் கிளம்பியவர் தாங்குவாரா?

எங்கள் பக்கத்து அம்மா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளின் பட்டமளிப்புக்கு யாரோ சொன்னார்கள் என்று இப்படித் துண்டாக வாங்கிக்கொண்டு போனார். முதல் விமானம் தாமதம். இடைவழி நகரத்தில் இறங்கியதும் மாற்று வாசல் பக்கம் போக முடியாது. குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வந்து, பெட்டி சுற்றும் இடத்தில் காத்திருக்க வேண்டும். முதல் பெட்டி வந்துவிட்டது. மிளகாய்த்தூளும் முறுக்கு மாவும் கட்டிய இரண்டாவது பெட்டி வரவில்லை. அதை விட்டுவிட்டு ஓடுவதா, நிற்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது முகப்பில் பெயர்ப் பலகையை அணைத்துவிட்டிருந்தார்கள். மகள் வாட்சாப்பில் அழைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கே கிளம்பும் விமானத்தில் ஒரு வழிக்கு மட்டும் கேட்ட விலை, அவர் போக வர முதலில் கொடுத்த மொத்தப் பணத்தைவிட அதிகம். மாசாயிலிருந்து தம்பி யார் யாரிடமோ வாங்கி அனுப்பினார். விழாவைப் பார்த்துவிட்டார், அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது. அவர் சோம்பேறியா? கட்டுரையாளர் சொன்னபடி கஷ்டப்பட்டுத் தேடி வாங்கியவர் அவர்!

சட்டம் எந்த இடத்தில் நமக்குத் துணை நிற்கிறது என்பதைப் பற்றியும் அவர் ஒரு வரி எழுதவில்லை. மலேசியாவில் 2016 முதல் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரம் ஆனால், பயணமே வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2024 செப்டம்பரில் செய்த திருத்தத்தின்படி அந்தப் பணம், கட்டிய வழியிலேயே 30 நாளில் வந்தாக வேண்டும். விளம்பரத்தில் காட்டும் விலை எல்லா வரியும் சேர்ந்த முழு விலையாக இருக்க வேண்டும், நாம் கேட்காத சேவையைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்பதும் அதே நெறிமுறைதான். விமான ஆணையமான மாவ்கோமை 2025 ஆகஸ்டில் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைத்துவிட்டார்கள், புகாரை இப்போது அங்கே கொடுக்கலாம். பாலம் தாண்டிச் சாங்கியில் ஏறி மூன்றாவது நாட்டு வழியாகப் போகிறவருக்கு இந்த நெறிமுறை கைகொடுக்காது. சிங்கப்பூரில் இதற்கு ஈடான இழப்பீட்டுச் சட்டமும் இல்லை.

திரும்பி வரும்போது பிரிட்டிஷ் சட்டம் நமக்கு இன்னும் பலமாக நிற்கும். பிரிட்டனில் கிளம்பும் எந்த நாட்டு விமானமானாலும் சரி, நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால், இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 520 பவுண்டு இழப்பீடு. இடையில் துபாயிலோ டோஹாவிலோ மாறினாலும், ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊரில் எப்போது இறங்கினோம் என்பதுதான் கணக்கு. எமிரேட்ஸுக்கு எதிரான வழக்கில் 2017இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. டிக்கெட்டைத் துண்டு போடுகிறவர் இந்த உரிமையையும் சேர்த்தே வெட்டிப் போடுகிறார்.

துண்டு டிக்கெட்டுக்கு ஆதரவாக நியாயமான ஒரு வாதம் உண்டு. அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது விதிக்கும் விமானப் பயணி வரி தூரத்துக்குத் தூரம் மாறும். 5,500 மைலுக்கு அப்பால் போகும் எகானமி பயணிக்கு 2025 ஏப்ரலில் 94 பவுண்டு, 2026 ஏப்ரலிலிருந்து 106 பவுண்டு. மலேசியா அந்தக் கட்டில்தான் வருகிறது. ஐரோப்பாவில் ஓர் ஊர் வரை தனி டிக்கெட்டில் வந்து, அங்கே சில நாள் தங்கிவிட்டு வேறு டிக்கெட்டில் கே.எல். திரும்பினால் இந்த வரியில் பெரும்பகுதி மிச்சம். எப்படியும் பாரிஸையோ ரோமையோ பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது நல்ல வழி. நடுவில் நாள் கணக்கில் இடைவெளி இருப்பதால் விமானம் தவறும் பயமும் இல்லை. மூன்று மணி நேர இடைவெளியில் ஓடச் சொல்வது வேறு, இது வேறு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு எகானமியில் இந்த வரியே கிடையாது என்பதையும் குடும்பமாகப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலிவு நிறுவனங்கள் பெருகிவிட்டன, இனி நீண்ட தூரமும் மலிவுதான் என்று உற்சாகமாக எழுதுகிறார். இந்த வழித்தடத்தின் சரித்திரம் அவர் வாதத்துக்கு நேர் எதிர். ஏர்ஏசியா எக்ஸ் 2009 மார்ச்சில் கே.எல்.லிலிருந்து லண்டன் ஸ்டான்ஸ்டெட்டுக்குப் பறக்கத் தொடங்கியபோது நாங்களும்தான் சந்தோஷப்பட்டோம். தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில்தான் முதல் தடவை லண்டன் போனார்கள். நான்கு எஞ்சின் கொண்ட ஏ340 விமானம், ஏறிக்கொண்டே போன எரிபொருள் விலை, மேலே சொன்ன பிரிட்டிஷ் வரி எல்லாம் சேர்ந்து அழுத்தின. 2011 அக்டோபரில் கேட்விக்குக்கு மாறினார்கள், 2012 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கேட்விக்குக்கு நார்வீஜியன் 2017 செப்டம்பரில் வந்தது, 2019 ஜனவரியில் போய்விட்டது. உள்நாட்டில் மைஏர்லைன் 2022 டிசம்பரில் தொடங்கி, 2023 அக்டோபர் 12ஆம் தேதி விடியற்காலையில் எல்லாப் பறப்பையும் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பெட்டியோடு விமான நிலையத்துக்கு வந்த பிறகே பலருக்கு அது தெரிந்தது. அன்றைக்கு அதில் கே.எல். போய், அங்கிருந்து வேறு டிக்கெட்டில் வெளிநாடு போகவிருந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மலிவு விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் மேல் இன்னொரு நிறுவனத்தின் டிக்கெட்டைக் கட்டி எழுப்பாதீர்கள் என்கிறேன்.

ஏஜெண்டுகள் பற்றி அவர் எழுதியதில் ஏளனம் மட்டுமே இருக்கிறது. கிரெடிட் கார்டு இல்லாமல் ரொக்கமாகவே கொடுத்து வாங்கும் பெரியவர்கள் மாசாயில் இன்றும் நிறையப் பேர். சுற்றுலாத் துறையின் உரிமம் உள்ள ஏஜெண்டிடம் வாங்கினால், தகராறு வரும்போது நேரில் போய்க் கேட்க ஒரு கடை இருக்கிறது. அங்கேயும் தீரவில்லை என்றால் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். எங்கோ ஒரு நாட்டில் பதிவு செய்த இணையத் தரகரிடம் வாங்கிவிட்டு, மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் தவிக்கிறவருக்கு அந்த வசதி எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, மாசாய்க்காரனுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்தும் அவர் ஒன்றையுமே சொல்லாததுதான். ஜொகூரின் செனாய் விமான நிலையத்தின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. செனாய்–டெசாரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் விமான நிலையம் கைக்கெட்டும் தூரம். அங்கிருந்து கே.எல்.ஐ.ஏ. வழியாக லண்டனுக்கு மலேசியா ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட் வாங்கலாம். செனாயில் போட்ட பெட்டியை ஹீத்ரோவில் எடுத்துக்கொள்ளலாம். கே.எல்.லில் தொடங்கும் டிக்கெட்டைவிடச் சில சமயம் கொஞ்சம்தான் கூடும். அந்த வித்தியாசத்தைப் பஸ் செலவோடும் அலைச்சலோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செனாயிலிருந்து ஏர்ஏசியாவில் தனியாகப் போனால் இரண்டாம் முனையத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, ரயிலில் முதல் முனையத்துக்கு வந்து, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். அப்படித்தான் போவேன் என்றால் முந்தின நாளே போய்விடுவது நல்லது.

பிரிட்டன் என்றால் லண்டன் ஹீத்ரோ மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டதும் பிழை. பிள்ளை லீட்ஸில் படிக்கும்போது ஹீத்ரோவில் இறங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று ரயிலுக்குக் கொட்டி அழ வேண்டியதில்லை. வளைகுடா நிறுவனங்கள் மான்செஸ்டருக்கே பறக்கின்றன. எமிரேட்ஸ் நியூகாசில், பர்மிங்காம், கிளாஸ்கோ வரைக்கும் போகிறது. ஒரே டிக்கெட்டில், ஒரே மாறுதலில், பிள்ளை இருக்கும் ஊர்ப் பக்கத்திலேயே இறங்கலாம். சீன நிறுவனங்களையும் ஒதுக்க வேண்டாம். 2022இல் ரஷ்ய வான்வெளி பிரிட்டிஷ், ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகும் சீன விமானங்கள் அதன் மேல் பறக்கின்றன. சுற்று குறைவு, எரிபொருள் மிச்சம், பல மாதங்களில் விலையும் குறைவு. குவாங்சோவில் மாறும் நேரம் நீண்டுவிட்டால் மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே விசா தேவையில்லை, வெளியே போய் வரலாம். சென்னையில் உறவுகளைப் பார்த்துவிட்டு அங்கிருந்து பிரிட்டிஷ் ஏர்வேய்ஸில் நேராக லண்டன் போவதும் நம்மவர்களுக்கு ஏற்ற வழிதான். அதற்கு இந்திய இ-விசா எடுக்க வேண்டும், நடுவில் இரண்டு நாளாவது விட வேண்டும். பெற்றோர் பார்வையாளராகப் போவதானால் 2025 ஜனவரி முதல் பிரிட்டனுக்கு முன்அனுமதியும் வாங்கியாக வேண்டும். அது இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாக வாங்கிய டிக்கெட்டானாலும் முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டுரையாளருக்கு என் கேள்வி ஒன்றுதான். உங்கள் வழியைப் பின்பற்றி ஒரு குடும்பம் நடுவழியில் நின்றால் அடுத்த டிக்கெட்டுக்கான பணத்தை யார் கொடுப்பது? அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அதற்குப் பதில் எழுதுங்கள். எழுதும்போது சோம்பேறி என்ற அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.